பாட்டைப் பாருங்க... லுக்கைச் 'சுடுங்க'!

கல்ச்சுரல்ஸுக்கு இன்னும் பத்தே நாள். ஹாஸ்டல் ரூமில் ஆறேழு தலை ஒரே செல்போனை எட்டிப் பார்க்குது. பாட்டு ஓடுது. 'ஏய் நிறுத்து நிறுத்து... அந்தக் கம்மலைப் பாரேன்!', 'கம்மலை விடுடி, பிளவுஸ் ஸ்லீவைப் பாரு!' என்று ஆளுக்கொரு கமென்ட். இசை யாரு, பாட்டு யாரு எழுதினது என்பதெல்லாம் அப்புறம்தான். பசங்க ஹாஸ்டலும் லேசுப்பட்டதில்லை. ஹீரோ தலையை ஸ்க்ரீன் ஷாட் எடுத்துக்கிட்டு, 'அண்ணே, இதே மாதிரி வெட்டிவிடுங்க' என்று சலூன் வாசலில் க்யூ!

இதில் வெட்கப்பட ஒண்ணுமே இல்லை ஃப்ரெண்ட்ஸ். உங்க அம்மாவும் இதைத்தான் செஞ்சாங்க. ஏன், பாட்டியும்கூட! ஆனா, சுடுறதிலும் ஒரு தொழில்நுட்பம் இருக்கு. அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிச்சா, 'ஃபேன்ஸி டிரஸ் காம்பெடிஷனா?' என்று கேன்டீனில் கலாய்ப்பாங்க. விஷயம் தெரிஞ்சு சுட்டா, 'எங்கடி வாங்கினே?' என்று கேட்பாங்க. அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

அம்மா காலத்து ட்ரெண்ட்

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போன் போட்டு, 'அம்மா, நதியா கம்மல்னா என்னம்மா?' என்று கேட்டுப் பாருங்க. எதிர்முனையில் ஒரு சிரிப்பு கேட்கும். 1985-ல் 'பூவே பூச்சூடவா' படத்தில் நதியா தமிழுக்கு வந்ததும், தமிழ்நாட்டு ஃபேன்ஸி ஸ்டோர்களில் அவர் பெயர்தான் பிராண்ட். நதியா கம்மல், நதியா வளையல், நதியா பொட்டு, நதியா கொண்டை... கடைக்காரர்களே பெயர் வைத்து விற்றார்கள். விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லை!

அதற்கப்புறம் 1994-ல் 'காதலன்'. பிரபுதேவா போட்ட தொளதொள பேன்ட்டைப் பார்த்து ஊரே பேகி பேன்ட்டுக்கு மாறியது. 2003-ல் 'காக்க காக்க' சூர்யா வந்து பசங்க தலைமுடியை ஒட்ட வெட்ட வைத்தார். 2005-ல் வந்த ஹிந்திப் படம் 'பன்ட்டி அவுர் பப்ளி'. அதில் ராணி முகர்ஜி போட்ட காலர் வைத்த குட்டைக் குர்தாவும் பாட்டியாலாவும் டிசைனர் அகி நருலாவின் கைவண்ணம். மொழி தெரியாதவங்களும் அந்த டிரஸ்ஸைத் தேடினாங்க. 2018-ல் '96'. ஒரே ராத்திரியில் நடக்கிற கதையில் த்ரிஷா போட்டிருந்த அந்த மஞ்சள் குர்தாவும் ஜீன்ஸும் 'ஜானு டிரஸ்' என்றே கடைக்கு வந்துவிட்டது.

இந்த லிஸ்ட்டை ஒருமுறை திரும்பப் பாருங்க. ஒரு கம்மல், ஒரு பேன்ட், ஒரு ஹேர்கட், ஒரு குர்தா. ஹிட்டான எல்லாமே எளிமையான சமாச்சாரம். கோடி ரூபாய் செட் போட்டு, ஹீரோயின் முப்பது காஸ்ட்யூம் மாற்றும் பாட்டில் இருந்து தெருவுக்கு வந்த டிரஸ் எத்தனை என்று யோசித்துப் பாருங்க. பஸ்ஸில் ஏற முடிகிற, துவைத்துக் காயப்போட முடிகிற ஐட்டம்தான் ட்ரெண்ட் ஆகும். உங்க செலக்‌ஷனுக்கும் இதுதான் முதல் டெஸ்ட்!

ஒவ்வொரு லுக்குக்கும் ஒரு காரணம்

'சாதனா கட்' கேள்விப்பட்டிருப்பீங்க. நெற்றியில் முன்முடி வந்து விழுமே, அதேதான். 1960-ல் 'லவ் இன் சிம்லா' படத்தில் அறிமுகமானபோது நடிகை சாதனாவுக்கு நெற்றி அகலமாகத் தெரிந்தது. அதை மறைக்க இயக்குநர் ஆர்.கே.நய்யாருக்கு ஞாபகம் வந்தது, ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் முன்முடி. வெட்டினார்கள். ஒரு நெற்றியை மறைக்கப் போய் இந்தியா முழுக்க ஒரு ஹேர்ஸ்டைல் பிறந்தது!

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1983) வீடியோவில் வரும் அந்தச் சிவப்பு ஜாக்கெட்டும் சும்மா வந்ததில்லை. படமே ராத்திரியில், இருட்டில், சாம்பல் நிறப் பேய்களுக்கு நடுவில் நடக்குது. அந்தக் கூட்டத்தில் ஹீரோ தனியாகத் தெரியணும். காஸ்ட்யூம் டிசைனர் டெபரா லாண்டிஸ் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார். அவ்வளவுதான் ரகசியம்.

மடோனாவின் 'மெட்டீரியல் கேர்ள்' (1985) வீடியோவில் வரும் பிங்க் கவுன்? அது 1953-ல் 'ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ்' படத்தில் மர்லின் மன்றோ போட்ட கவுனின் மறுபிறவி. ஆக, நாம சுடுறவங்களும் எங்கிருந்தோ சுட்டவங்கதான். கவலையே படாதீங்க!

இதில் நமக்கு என்ன பாடம்? வீடியோவை நிறுத்தினதும் 'இது அழகா இருக்கே' என்பதோடு விட்டுடாதீங்க. 'இதை ஏன் இப்படிச் செஞ்சாங்க?' என்று ஒரு கேள்வி கேளுங்க. உங்க நெற்றி சின்னதா இருந்தா, சாதனா கட் உங்க முகத்தில் பாதியைக் காணாமல் அடிச்சிடும். ஆனா, 'எனக்கு எது குறையாத் தெரியுதோ அதைச் சுத்தி ஸ்டைலை அமைக்கலாம்' என்ற ஐடியா எல்லோருக்கும் பொருந்தும். காரணத்தைச் சுடுங்க, வடிவம் தானா வரும்.

முகம் பாதி... லைட் மீதி!

'அதே ஃபவுண்டேஷன், அதே லிப்ஸ்டிக். ஆனா அவங்களுக்கு வந்த மாதிரி எனக்கு வரலையே' என்று கண்ணாடி முன்னாடி நிற்கிறவங்க, கொஞ்சம் இங்கே வாங்க.

சினிமா மேக்கப் என்பது கேமராவுக்காகப் பிறந்தது. 1930-களில் கலர் படம் எடுக்கும் டெக்னிகலர் கேமரா முன்னால் பழைய மேக்கப் எல்லாம் பளபள என்று கோரமாகத் தெரிந்தது. அதற்காகவே மேக்ஸ் ஃபாக்டர் கம்பெனி உருவாக்கியதுதான் 'பான்கேக்'. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் அசோகமித்திரன் எழுதிய பாடத்தைப் படிச்சவங்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். ஜெமினி ஸ்டூடியோவில் லாரி லாரியாக வந்து இறங்கிய பான்கேக்கைப் பூசி, பார்க்க நல்லா இருந்தவங்களையும் எப்படி பயமுறுத்துகிற மாதிரி மாற்றினாங்க என்று அவர் கிண்டலடித்திருப்பார். நேரில் கோரம், திரையில் அழகு. சினிமா மேக்கப்பின் ஜாதகமே அதுதான்!

இன்றைக்கு டெக்னிக் மாறிவிட்டது, கதை மாறவில்லை. பாட்டில் நீங்க பார்க்கிற கன்னத்துப் பளபளப்பில் மேக்கப்புக்கு ஒரு பங்கு, லைட்டுக்கு ஒரு பங்கு, ஷூட்டிங் முடிந்ததும் கம்ப்யூட்டரில் கலரைச் சரிசெய்கிறவருக்கு ஒரு பங்கு. உங்க க்ளாஸ் ரூம் டியூப்லைட்டும், சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப் மத்தியான வெயிலும் அப்படி எந்த உதவியும் செய்யாது. அதனால் திரையில் இருக்கும் அளவில் பாதிகூட நேரில் வேண்டாம். கால்வாசி போதும்.

கலர்... கொஞ்சம் சீரியஸா பேசுவோமா?

2007-ல் வந்த 'சிவாஜி' ஞாபகம் இருக்கா? ஹீரோ கறுப்பு என்று ஹீரோயின் சொல்ல, அவர் வெள்ளையாகப் படாதபாடு படுவார். அப்புறம் 'ஒரு கூடை சன்லைட்' பாட்டில் ரஜினியே வெள்ளைக்காரர் நிறத்தில் வருவார். மேக்கப்பில் வந்த நிறமில்லை அது. ஒரு வெளிநாட்டுப் பெண்ணை அதே மாதிரி நடிக்க வைத்துப் படம் பிடித்து, அவருடைய தோல் நிறத்தைக் கம்ப்யூட்டரில் ரஜினிக்கு மாற்றினார்கள். தியேட்டரில் கைதட்டிச் சிரித்தோம். ஆனா யோசிங்க... தமிழ்நாடே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற நிறம் அது. அவருக்கே ஒரு பாட்டு நேரத்துக்கு வேற தோல் தேவைப்பட்டதுன்னா, கண்ணாடி முன்னாடி நிற்கிற பதினெட்டு வயசுப் பொண்ணு என்ன நினைப்பா?

'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-ல் வந்த க்ரீம். 2020-ல்தான் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெயரை மாற்ற 45 வருஷம். மனசு மாற எத்தனை வருஷமோ?

இதற்கு நடுவில் 2015-ல் மலையாள 'பிரேமம்'. சென்னைத் தியேட்டர்களில் அந்தப் படம் மாசக்கணக்கில் ஓடினது உங்களுக்குத் தெரியும். கன்னத்தில் பருக்களோடு, மேக்கப் இருக்கா இல்லையா என்றே தெரியாமல், காட்டன் புடவையில் வந்து நின்றார் மலர் டீச்சர். சாய் பல்லவிதான்! பருவை மறைக்கத் தினமும் அரைமணி நேரம் செலவு செஞ்ச எத்தனையோ பெண்களுக்கு அது பெரிய நிம்மதி. பின்னாளில் ஃபேர்னெஸ் க்ரீம் விளம்பர வாய்ப்பு வந்தபோதும் அவர் மறுத்துவிட்டார். மலர் டீச்சர்கிட்ட சுட வேண்டியது புடவையை மட்டுமில்லை... அந்தத் தைரியத்தையும்தான்.

சரி, ப்ராக்டிகலுக்கு வருவோம். நம்ம நிறத்துக்கு மேக்கப்:

* ஃபவுண்டேஷன் ஷேடைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்காதீங்க. கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்க. கோடு காணாமல் போகும் ஷேடுதான் உங்க ஷேடு. பத்து நிமிஷம் காத்திருந்தும் பாருங்க. சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் நிறம் மாறும்.

* ஒரு ஷேடு வெள்ளையாக வாங்கினால் அழகு கூடாது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கழுத்து ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்!

* மாநிறம், கறுப்பு நிறக்காரங்களுக்கு மெரூன், செங்கல் சிவப்பு, நாவல் பழக் கலர் லிப்ஸ்டிக் எல்லாம் சூப்பர். பேபி பிங்க்கை யோசித்து வாங்குங்க.

* கொரியப் பாட்டு ரசிகைகளுக்கு: அவங்க உதட்டுக்கு நடுவில் மட்டும் கலர் வைத்து, ஓரத்துக்கு வரவர விரலால் கலைத்து விடுவாங்க. இதே டெக்னிக்கை உங்க மெரூனில் செஞ்சு பாருங்க. ஒரே லிப்ஸ்டிக்தான், செலவே இல்லை.

* மேடை நிகழ்ச்சியா? போட்டோகிராஃபர் ஃப்ளாஷ் அடிப்பாரா? சிலிகா கலந்த வெள்ளைப் பவுடரையும், வெள்ளைப் படலம் விடும் சன்ஸ்க்ரீனையும் தவிருங்க. நேரில் தெரியாது, போட்டோவில் முகம் திருநீறு பூசின மாதிரி வரும். முந்தின நாளே செல்போன் ஃப்ளாஷில் ஒரு டெஸ்ட் போட்டுடுங்க.

* காஜல், மஸ்காராவை ரூம்மேட்டோடு ஷேர் பண்ணாதீங்க. நட்பு பரவாது, கண் இன்ஃபெக்‌ஷன்தான் பரவும்! ஹீரோயின் கண் நீலமா இருக்கேன்னு கலர் லென்ஸைக் கண்ட கடையில் வாங்கி மாட்டுறதும் வேண்டாம். கண் டாக்டரைப் பார்த்துட்டு வாங்குங்க.

சுருட்டை முடிக்கு ஜே!

ரொம்ப வருஷமா நம்ம ஹீரோயின்களுக்கெல்லாம் கோடு போட்ட மாதிரி நேர்முடிதான். விளைவு? சுருட்டை முடிப் பெண்கள் எல்லாம் பார்லரில் காசைக் கொட்டினாங்க. 2015-ல் 'ஓ காதல் கண்மணி'யில் நித்யா மேனன் தன் சுருட்டை முடியோடவே வந்தார். 2021-ல் 'என்ஜாய் என்ஜாமி' பாடின தீயும் சுருட்டை முடிக்காரர்தான். ஆக, உங்க தலையில் ஏற்கெனவே இருப்பதைத் திரையில் தேடுங்க. நேர்முடிக்காரங்க நேர்முடி ஹீரோயினைப் பாருங்க, சுருட்டை முடிக்காரங்க சுருட்டை முடி ஹீரோயினைப் பாருங்க. பாதி வேலை முடிஞ்சது.

ஸ்ட்ரெயிட்டனிங், கெரட்டின் என்று போறவங்க ஒரு விஷயம் கேட்டுட்டுப் போங்க. சில கெரட்டின் க்ரீம்கள் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். கண் எரியும், மூச்சு முட்டும். 'இதில் ஃபார்மலின் இருக்கா?' என்று பார்லரில் கேட்பது உங்க உரிமை.

கலரிங்? நம்ம கருகரு முடியில் பிங்க், நீலம் எல்லாம் தெரியணும்னா முதலில் ப்ளீச் பண்ணி முடியின் கறுப்பை எடுக்கணும். பாட்டில் வரும் கொரியப் பசங்க தலைக்கும் அதே ட்ரீட்மென்ட்தான். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு வளரும். ரெண்டே மாசத்தில் வேர்ப்பக்கம் கறுப்பு எட்டிப் பார்க்கும். திரும்ப பார்லர், திரும்ப செலவு. இந்தக் கணக்கைப் போட்டுட்டு உட்காருங்க. சாதாரண டை போடுறதா இருந்தாலும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்க. அதில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்குகிற அளவுக்கு அலர்ஜி கொடுக்கும். கறுப்பு மெஹந்தி என்று விற்கிறதிலும் இது இருக்கலாம், உஷார்!

டெய்லர் அண்ணாதான் உங்க டிசைனர்

'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) ஜெஸ்ஸியின் புடவைகளை மறக்க முடியுமா? நளினி ஸ்ரீராம் டிசைன் செஞ்ச அந்த லுக்குக்கு அப்புறம், 'புடவையா... அது ஃபேர்வெல்லுக்கு மட்டும்' என்று சொன்ன பெண்களும் அலமாரியைத் திறந்தாங்க.

கொரியாவின் ப்ளாக்பிங்க் 2020-ல் 'ஹவ் யூ லைக் தட்' பாட்டில் போட்டுக்கிட்ட டிரஸ்ஸைப் பார்த்தீங்களா? அவங்க பாட்டி காலத்து ஹன்போக் உடையை வெட்டிச் சுருக்கி, ஸ்டேஜுக்கு ஏற்ற மாதிரி மாற்றினது அது. உலகமே திரும்பிப் பார்த்தது. ப்ளாக்பிங்க்கைச் சுடணும்னா ஹன்போக் தேடி அலைய வேண்டாம் கேர்ள்ஸ். உங்க பாட்டி பெட்டியைத் திறங்க! காரைக்குடி கண்டாங்கி, மதுரைச் சுங்குடி எல்லாமே புவிசார் குறியீடு வாங்கின ஐட்டங்கள். பழைய கண்டாங்கி ஒரு லாங் ஸ்கர்ட் ஆகும். சுங்குடி ஒரு ஷர்ட் ஆகும். அம்மாகிட்ட பர்மிஷன் மட்டும் முதல்லயே வாங்கிடுங்க!

டெய்லரிடம் போகும்போது ஒரே ஒரு போட்டோ காட்டாதீங்க. முன்பக்கம், பின்பக்கம், கை என்று மூணு ஸ்க்ரீன் ஷாட் எடுத்துக்கிட்டுப் போங்க. 'இந்தப் படம் மாதிரி' என்று சொல்லாமல், 'கழுத்து இப்படி, கை இப்படி, மத்ததெல்லாம் என் அளவு பிளவுஸ் மாதிரி' என்று பிரித்துச் சொல்லுங்க. முதல் தடவையே பட்டில் கை வைக்காதீங்க. சாதா காட்டனில் ஒண்ணு தைத்துப் பார்த்துட்டு அப்புறம் பட்டு.

உங்க காலேஜில் டிரஸ் கோட் கெடுபிடியா? இது இன்னிக்கு நேத்து பிரச்னை இல்லை. 2005-லேயே அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட்டுக்குத் தடை போட்டது பெரிய விவாதமானது. சல்வாரும் ஃபார்மல் ஷர்ட்டும்தான் அனுமதி என்றாலும், கம்மல், வாட்ச், பை, துப்பட்டா கட்டுகிற விதம் எல்லாம் உங்க கையில்தானே இருக்கு? நதியா ஃபேஷனே கம்மலில் ஆரம்பிச்சதுதானே!

பசங்களே, உங்களுக்கும்தான்

2008-ல் 'சுப்ரமணியபுரம்' வந்து, அப்பா காலத்து தாடியையும் பெல்பாட்டத்தையும் பேரன்களுக்கு அறிமுகப்படுத்தியது. 'பிரேமம்' வந்த வருஷம் கறுப்புச் சட்டை, வேட்டி, தாடி! தாடி எல்லோருக்கும் ஒரே மாதிரி வளராது பாஸ். கன்னத்தில் அடர்த்தி இல்லாதவங்க, தாடை ஓரம் மட்டும் ட்ரிம் செய்து வச்சுக்கலாம். 'தாடி எண்ணெய்' வாங்கி மாசம் ஐந்நூறு செலவழிக்கும் முன் ரெண்டு வருஷம் பொறுமையா இருங்க. இருபதுகளிலும் தாடி அடர்ந்துக்கிட்டே வரும். இன்னொண்ணு, ஹீரோவைப் பார்த்து நீங்களும் ஃபேர்னெஸ் க்ரீம் ட்யூபை ஒளிச்சு வைக்கிறது எங்களுக்குத் தெரியும். மேலே இருக்கும் 'கலர்' பகுதி உங்களுக்கும் சேர்த்துத்தான்!

எண்ட் டைட்டில் வரை எழுந்திருக்காதீங்க

கடைசியா ஒரு மேட்டர். முக்கியமான மேட்டர். பாட்டை நிறுத்தி நிறுத்தி, இது என்ன துணி, இது என்ன ஷேடு என்று கவனிக்கிற கண் உங்களுக்கு இருந்தால், அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. அது ஒரு வேலைக்கான தகுதி.

இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்தது யார் தெரியுமா? நடிகர் இல்லை, இயக்குநர் இல்லை. 'காந்தி' (1982) படத்தின் காஸ்ட்யூம் டிசைனர்களில் ஒருவரான பானு அத்தையா. பாலாவின் 'பரதேசி' படத்துக்கு உடை வடிவமைத்த பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் ஒரு டிசைனர் கவுன்கூட இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கட்டியிருந்த அழுக்கேறிய முரட்டுத் துணிக்குக் கிடைத்த விருது அது! 'பொன்னியின் செல்வன்' (2022) பார்த்து நந்தினியின் நகையை ஸ்க்ரீன் ஷாட் எடுத்தீங்களே, உடைக்கு ஏகா லக்கானி, மேக்கப்புக்கு விக்ரம் கெய்க்வாட் என்று டைட்டிலில் ஓடியதைக் கவனிச்சீங்களா?

மேக்கப் பெட்டியைப் பெண்கள் சுலபமாகக் கையில் வாங்கவில்லை என்பதும் தெரிஞ்சுக்க வேண்டிய கதை. 2014 வரை மும்பை சினிமாவில் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் கார்டு கொடுக்க அங்குள்ள சங்கம் மறுத்து வந்தது. முடி அலங்காரம் மட்டும்தான் அவங்களுக்கு. ஹீரோயின் முகத்துக்கும் ஆண்தான் மேக்கப் போடணும்! சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2014 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பெண் என்பதற்காக மறுப்பது சட்டவிரோதம் என்றது கோர்ட். 'பொண்ணு எதுக்குடி எப்போ பாரு மேக்கப்பு' என்று வீட்டில் திட்டினால், இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்க!

அதனால் அடுத்த தடவை ஒரு பாட்டு பிடிச்சா, டிஸ்கிரிப்ஷனில் காஸ்ட்யூம், மேக்கப், ஹேர் யார் என்று தேடிப் பாருங்க. ஒரு நோட்டில் எழுதி வைங்க. உங்க காலேஜ் நாடகத்துக்கு, ஃப்ரெண்டோட குறும்படத்துக்கு மேக்கப் போட நீங்களே கை தூக்குங்க. சென்னை தரமணி நிஃப்ட் மாதிரி இடங்களில் படிக்க ஆசைன்னா, அந்த நோட்டே உங்க முதல் போர்ட்ஃபோலியோ.

சுடுறதுக்கு முன்னாடி... ஒரு நிமிஷ செக்!

1. இந்த லுக்கில் எனக்குப் பிடிச்ச ஒரே ஒரு ஐட்டம் எது? (முழுசா வேண்டாம், ஒண்ணு போதும்.)
2. அதை ஏன் அப்படிச் செஞ்சிருக்காங்க?
3. என் நிறம், என் முடி, என் உடம்புக்கு அது எப்படி மாறணும்?
4. பகல் வெளிச்சத்தில் பார்த்தேனா?
5. இதைப் போட்டுக்கிட்டு பஸ்ஸில் ஏற முடியுமா?
6. இந்த மாச மெஸ் பில் கட்டின பிறகும் கையில் காசு இருக்கா?

ஆறுக்கும் 'ஓகே' என்றால், தாராளமா சுடுங்க. முப்பது வருஷம் கழிச்சு உங்க பொண்ணு போன் போட்டு, 'அம்மா, ஜானு டிரஸ்னா என்னம்மா?' என்று கேட்பா. சிரிக்க ரெடியா இருங்க!